மணிப்பால் மருத்துவப் பல்கலைக்கழகம்: எப்படி ஆரம்பிச்சுது, எப்படி வளர்ந்துச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் நீட் ரிசல்ட் வந்த உடனே டீம்டு யுனிவர்சிட்டி (நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) பத்தி பேச்சு ஆரம்பிச்சிடும், அதுல மணிப்பால் பேரு கண்டிப்பா வரும். ஃபீஸ் எவ்வளவு, கட்ஆஃப் எவ்வளவுன்னு எல்லாரும் கேக்கறாங்க, ஆனா அந்த இடம் எப்படி உருவாச்சுன்னு யாரும் சொல்றதில்ல. எனக்கு அந்தக் கதைதான் முக்கியம்னு படுது, ஏன்னா காசு கட்டி டாக்டருக்குப் படிக்கிற முறை நம்ம நாட்டுல எங்கிருந்து வந்துச்சு, அது ஏன் இப்படி வளர்ந்துச்சுன்னு புரியணும்னா மணிப்பால்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

மணிப்பால் எங்க இருக்கு? தமிழ்நாட்டுக்கும் அதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

கர்நாடகாவுல உடுப்பி பக்கத்துல இருக்கற ஒரு குன்று. இன்னைக்கு உடுப்பி தனி மாவட்டம், 1997 வரைக்கும் அது தட்சிண கன்னடாவுல இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி போனா தென் கன்னட மாவட்டம் முழுசும் மெட்ராஸ் மாகாணம்தான், 1956 நவம்பர் 1 மாநிலங்கள் பிரிச்சப்பதான் மைசூர் ராஜ்யத்தோட போச்சு. அதனால 1953-ல கஸ்தூர்பா மெடிக்கல் காலேஜ் திறந்தப்போ அது நம்ம மெட்ராஸ் ராஜ்யத்துலதான் இருந்துச்சு, ராஜாஜி முதலமைச்சரா இருந்த காலம். ஆரம்பிச்ச டி.எம்.ஏ. பை எம்.பி.பி.எஸ். படிச்சதும் சென்னை மெடிக்கல் காலேஜ்லதான்.

இதுல ஒரு விசித்திரம், காலேஜ் இருந்தது மெட்ராஸ் ராஜ்யத்துல, ஆனா அது இணைஞ்சிருந்தது தார்வாடுல இருந்த கர்நாடக பல்கலைக்கழகத்தோட, தார்வாடு அப்போ பம்பாய் ராஜ்யம். பிறகு 1965-ல மைசூர் பல்கலைக்கழகம், 1980-ல மங்களூர் பல்கலைக்கழகம்னு மாறி மாறி வந்துச்சு.

யார் அந்த டி.எம்.ஏ. பை?

முழுப் பேரு தோன்ஸே மாதவ அனந்த பை. 1898-ல பொறந்தவர், கொங்கணி பேசற குடும்பம். சென்னையில படிச்சுட்டு ஊருக்குத் திரும்பி டாக்டரா வேலை பாத்தாரு. வெறும் டாக்டரா மட்டும் இருந்திருந்தா இன்னைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

1925-ல அவரும் அவரோட அண்ணன் உபேந்திர பையும், வாமன் குட்வாவும் சேர்ந்து உடுப்பியில ஒரு பேங்க் ஆரம்பிச்சாங்க, முதல் மூலதனம் 8000 ரூபாய். கனரா இண்டஸ்ட்ரியல் அண்ட் பேங்கிங் சிண்டிகேட்னு பேரு, அதுதான் நமக்கெல்லாம் தெரிஞ்ச சிண்டிகேட் பேங்க். கைத்தறி நெசவு படுத்துப்போய் நெசவாளிங்க கஷ்டப்பட்ட நேரம் அது. 1928-ல பிக்மி டெபாசிட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஏஜெண்ட் தினமும் வீட்டுக்கே வந்து 2 அணா வாங்கிட்டுப் போவாரு, அந்தச் சின்னச் சின்ன காசு சேர்ந்து பெருசாகும். 1969-ல அந்த பேங்க் தேசியமயமாச்சு, 2020-ல கனரா பேங்க்கோட இணைஞ்சுது.

மெடிக்கல் காலேஜ் பத்தி கேட்டா பேங்க் கதை எதுக்கு?

ரெண்டும் ஒரே யோசனைதான், அதனாலதான். கவர்ன்மெண்ட் பணம் வரும்னு காத்திருக்க வேண்டாம், ஊர் ஜனங்க கையில இருக்கற காச சேர்த்தாலே ஒரு நிறுவனத்த எழுப்பிடலாம்னு அவருக்கு நம்பிக்கை வந்தது பிக்மியிலதான்னு நான் நினைக்கிறேன். 1942-ல அகாடமி ஆஃப் ஜெனரல் எஜுகேஷன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாரு, முதல்ல கைத்தொழில் கத்துக்குடுக்கத்தான். 1949-ல உடுப்பியில மகாத்மா காந்தி நினைவா எம்.ஜி.எம். காலேஜ், 1953-ல மெடிக்கல் காலேஜ், 1957-ல இன்ஜினியரிங் காலேஜ், இப்படியே ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சு.

1953-ல ஒரு குன்று மேல மெடிக்கல் காலேஜ் ஏன்?

அந்தக் காலத்துல டாக்டர் பஞ்சம் எந்த அளவுக்குன்னு இன்னைக்கு நமக்குப் புரியறது கஷ்டம். சுதந்திரம் வந்த புதுசுல நாடு முழுக்க மெடிக்கல் காலேஜ் சுமார் முப்பதுதான். 1946-ல ஜோசப் போர் (Bhore)ங்கறவர் தலைமையில நாட்டோட சுகாதாரத்த ஆராய்ஞ்ச கமிட்டியோட ரிப்போர்ட் இன்னும் நிறைய டாக்டர்ங்க வேணும், நிறைய காலேஜ் வேணும்னு சொல்லியிருந்துச்சு, ஆனா கவர்ன்மெண்ட் கையில பணம் இல்ல. மதுரைக்கே மெடிக்கல் காலேஜ் 1954-லதான் வந்துச்சுன்னா பாத்துக்கோங்க. தென் கன்னட மாவட்டத்துப் பசங்க டாக்டராகணும்னா மெட்ராஸ் வரைக்கும் வரணும், அங்க சீட்டும் ரொம்ப கம்மி.

அந்த நிலைமையில 1953 ஜூன் 30 கஸ்தூர்பா மெடிக்கல் காலேஜ் தொடங்குச்சு, கஸ்தூர்பா காந்தி பேர்லதான். மணிப்பால் அப்போ செம்மண் பாறையும் முள்ளுமா கிடந்த மேடு. இங்க வந்து எவன் படிப்பான்னு ஊர்ல கேட்டிருப்பாங்க, கண்டிப்பா கேட்டிருப்பாங்க!

இந்தியாவோட முதல் தனியார் மெடிக்கல் காலேஜ் இதுதானா?

அப்படி சொன்னா தப்பு. வேலூர் சி.எம்.சி.யும் லூதியானா சி.எம்.சி.யும் இதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு, அதுவும் தனியார்தான், ஆனா மிஷனரி அமைப்புங்க நடத்தினது, நன்கொடையிலயும் வெளிநாட்டு உதவியிலயும் ஓடினது. மணிப்பாலோட புதுமை என்னன்னா படிக்கிற பசங்களோட குடும்பங்க குடுக்கற பணத்துலயே காலேஜ நடத்தறது, அதாவது சுயநிதி. அந்த வகையில இதுதான் முதல் மெடிக்கல் காலேஜ்னு சொல்லலாம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க, வேலூருக்கும் மணிப்பாலுக்கும் அடித்தளமே வேற.

ஆஸ்பத்திரி இல்லாம மெடிக்கல் காலேஜ் எப்படி நடத்தினாங்க?

ரொம்ப முக்கியமான கேள்வி இது. மெடிக்கல் காலேஜுக்கு கட்டடம் கட்டிடலாம், வாத்தியார கூட்டிட்டு வந்திடலாம், அனாடமி ஹாலுக்கு ஏற்பாடு பண்ணிடலாம், ஆனா நோயாளி? பெட்ல நோயாளி இருந்தாதான் கிளினிக்கல் பாடம் நடக்கும், அது இல்லன்னா எவ்வளவு பெரிய புத்தகம் படிச்சாலும் ஸ்டெதஸ்கோப் வச்சு கேக்கத் தெரியாத டாக்டர்தான் வெளிய வருவாரு.

அதுக்கு பை கண்டுபிடிச்ச வழி மங்களூர். அங்க கவர்ன்மெண்டோட வென்லாக் ஆஸ்பத்திரி இருந்துச்சு, பிரசவத்துக்கு லேடி கோஷன் ஆஸ்பத்திரி இருந்துச்சு. அடிப்படை பாடங்க மணிப்பால்ல, வார்டு பாடங்க மங்களூர்ல, அரசு ஆஸ்பத்திரியில. இன்னைக்கு பி.பி.பி., அரசு தனியார் கூட்டுன்னு பெருசா பேசறாங்களே, அது அம்பதுகள்லயே இங்க நடந்திருக்கு. அரசு ஆஸ்பத்திரிக்கு காலேஜ் டாக்டருங்க கிடைச்சாங்க, காலேஜுக்கு நோயாளிங்க கிடைச்சாங்க. மங்களூர் கே.எம்.சி. (கஸ்தூர்பா மெடிக்கல் காலேஜோட மங்களூர் பிரிவு) பசங்க இன்னைக்கும் வென்லாக்லயும் லேடி கோஷன்லயும்தான் நிறைய கத்துக்கறாங்க. நாராயண ஹிருதயாலயா ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் தேவி ஷெட்டி மங்களூர் கே.எம்.சி.யில படிச்சவருதான்.

மணிப்பால்லயே சொந்தமா கஸ்தூர்பா ஆஸ்பத்திரி வந்தது 1961-ல. இன்னைக்கு அது 2000 படுக்கைக்கு மேல இருக்கற ஆஸ்பத்திரி, உடுப்பி மட்டும் இல்ல, சிக்கமகளூர், ஷிவமொக்கா, உத்தர கன்னடா பக்கமெல்லாம் பெரிய நோய்னா ஜனங்க வர்ற இடம். சுத்துப்பட்டு கிராமங்கள்ல தாய் சேய் நல விடுதிகளும் தொறந்தாங்க, அதுக்கு சிண்டிகேட் பேங்க் உதவி பண்ணுச்சு. ஒரு பேங்க் ஏஜெண்ட் தினமும் போற கிராமத்துல நர்ஸும் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க, அந்தக் காலத்துல பிரசவத்துல எத்தனை தாய்ங்க செத்துப்போனாங்கன்னு நம்ம பாட்டிங்கள கேட்டா தெரியும். மணிப்பால் கதையில என் மனசுல நிக்கறது இந்தப் பகுதிதான்.

சரி, கேபிடேஷன் ஃபீஸ் இங்கதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்றாங்களே?

கேபிடேஷன் ஃபீஸ்னா சீட் குடுக்கறதுக்காக காலேஜ் குடும்பத்துகிட்ட வாங்கற பெரிய தொகை. ஆமா, அத மறைக்க முடியாது. கவர்ன்மெண்ட் காசு இல்லாம காலேஜ் நடத்தணும்னா பசங்க குடும்பத்துகிட்டதான் வாங்கணும், அந்த முறைய மெடிக்கல் படிப்புல பெரிய அளவுல நடத்திக் காட்டினது மணிப்பால்தான். பை பண்ணதுல ஒரு நியாயம் இருந்துச்சு, வாங்கின காசு கண்ணு முன்னாடி ஆஸ்பத்திரியா நின்னுச்சு. ஆனா பின்னாடி கர்நாடகாவுல எழுபது எண்பதுகள்ல நிறைய காலேஜ் இதே வழிய புடிச்சுது, பலபேருக்கு அது வியாபாரமாவே ஆயிடுச்சு, நல்லா படிக்கிற ஏழைப் பசங்க வெளிய நின்னாங்க, காசு இருக்கறவன் உள்ள போனான். இத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும். ஒரு நல்ல மனுஷன் நல்ல நோக்கத்துல தொறந்த கதவு வழியா யார் யாரோ உள்ள வந்துட்டாங்க.

1984-ல கர்நாடகா கேபிடேஷன் ஃபீஸ் தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. அதோட பிரச்சனை முடியல, கோர்ட்டுக்குப் போச்சு. 1992-ல மோகினி ஜெயின் வழக்கு, வெளி மாநிலப் பொண்ணுகிட்ட கர்நாடகாவுல ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ் வருஷத்துக்கு 60,000 ரூபாய் கேட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் கேபிடேஷன் ஃபீஸ் சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் 1993-ல உன்னி கிருஷ்ணன் வழக்கு, பாதி சீட் ஃப்ரீ சீட், பாதி பேமெண்ட் சீட்னு ஒரு திட்டம் போட்டுக் குடுத்தாங்க. தொண்ணூறுகள்ல படிச்சவங்களுக்கு இந்த ஃப்ரீ சீட் பேமெண்ட் சீட் பேச்செல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்.

அப்புறம் 2002 அக்டோபர் 31. டி.எம்.ஏ. பை ஃபவுண்டேஷன் கர்நாடக அரசுக்கு எதிரா போட்ட வழக்கு, சுப்ரீம் கோர்ட்ல 11 நீதிபதிங்க உக்காந்து கேட்டாங்க. உன்னி கிருஷ்ணன் திட்டம் ரத்து. காலேஜ் ஆரம்பிச்சு நடத்தறது ஒரு உரிமை, நியாயமான உபரி வச்சுக்கலாம், ஆனா கொள்ளை லாபம் கூடாது, கேபிடேஷன் கூடாதுன்னு தீர்ப்பு. தனியார் காலேஜ் ஃபீஸ் பத்தி இன்னைக்கு எந்த வழக்கு வந்தாலும் வக்கீலுங்க முதல்ல எடுக்கறது இந்தத் தீர்ப்பத்தான். 1979-ல இறந்துபோன ஒரு கிராமத்து டாக்டரோட பேரு இந்தியாவோட கல்விச் சட்டத்துல நிரந்தரமா நிக்குது.

அந்தத் தீர்ப்புல நியாயமான உபரிக்கும் கொள்ளை லாபத்துக்கும் நடுவுல கோடு எங்கன்னு தெளிவா போடல, அதனாலதான் 2003-லயும் 2005-லயும் சுப்ரீம் கோர்ட் மறுபடி மறுபடி விளக்கம் சொல்ல வேண்டி வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கோடு பேரண்ட்ஸ் பாக்கெட்டுலதான் விழுது.

பல்கலைக்கழகம் எப்ப ஆச்சு? டீம்டுன்னா என்ன?

1993 ஜூன்ல. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956-ல 3-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, நல்லா நடக்கற ஒரு நிறுவனத்த மத்திய அரசு பல்கலைக்கழகத்துக்குச் சமம்னு அறிவிக்கலாம், அதுதான் டீம்டு, நிகர்நிலைன்னு நம்ம பேப்பர்ல எழுதறது. அப்படி அறிவிச்சா சிலபஸ், பரீட்சை, டிகிரி எல்லாம் தானே பாத்துக்கலாம், மங்களூர் பல்கலைக்கழகத்துகிட்ட கையெழுத்துக்கு நிக்க வேண்டியதில்ல. மாநில அரசோட சீட் பங்கீடும் ஃபீஸ் கட்டுப்பாடும் பெரும்பாலும் பொருந்தாதுங்கறதும் இதோட வந்துச்சு, அத மறந்துட்டு டீம்டு பத்தி பேசக்கூடாது.

பேரு விஷயத்துல நிறைய பேர் குழம்பறாங்க. முதல்ல மணிப்பால் அகாடமி ஆஃப் ஹையர் எஜுகேஷன், சுருக்கமா மாஹே. நடுவுல கொஞ்ச வருஷம் மணிப்பால் யுனிவர்சிட்டி. 2017-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவால டீம்டு நிறுவனங்க யாரும் பேர்ல யுனிவர்சிட்டின்னு போடக்கூடாதுன்னு யு.ஜி.சி. சொல்லிடுச்சு, அதனால மறுபடியும் மாஹே. எல்லாம் ஒரே இடம்தான், சர்டிஃபிகேட்ல வேற வேற பேரு இருந்தா பயப்படாதீங்க. 2018-ல மத்திய அரசு சிறந்த கல்வி நிறுவனங்களுக்குப் போட்ட இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எமினன்ஸ் லிஸ்ட்ல முதல் ஆறு பேர்ல இதுவும் வந்துச்சு.

டி.எம்.ஏ. பைக்கு அப்புறம் யாரு?

மகன் ராம்தாஸ் பை. 1979-ல பொறுப்பு எடுத்தாரு, 2011-ல பத்மபூஷன் வாங்கினாரு. பல்கலைக்கழகமா மாறினதும் வெளிநாடு போனதும் எல்லாம் இவர் காலத்துலதான். 1994-ல நேபாள் பொக்காராவுல மெடிக்கல் காலேஜ், 1997-ல மலேசியாவுல மெலாக்கா மணிப்பால் மெடிக்கல் காலேஜ், 2000-ல துபாய்ல ஒரு கேம்பஸ். சிக்கிம் அரசோட சேர்ந்து சிக்கிம் மணிப்பால் பல்கலைக்கழகம் 1995-ல. ஜாம்ஷெட்பூர்ல டாடாவோட சேர்ந்து ஒரு மெடிக்கல் காலேஜ் 2020-ல.

மலேசியா விஷயம் நம்ம ஆளுங்களுக்கு நெருக்கமானது. அங்க டாக்டர் சீட்டுக்கு இந்திய வம்சாவளி பசங்க எவ்வளவு போராடறாங்கன்னு அங்க சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். மெலாக்கா மணிப்பால் முறையில முதல் பாதி படிப்பு மணிப்பால்லயும் அடுத்த பாதி மலேசியா அரசு ஆஸ்பத்திரிகள்லயும் நடந்துச்சு, மங்களூர் வென்லாக்ல கத்துக்கிட்ட அதே வழிய கடல் தாண்டி எடுத்துட்டுப் போனாங்க. அதனால மணிப்பால் தெருவுல மலேசியத் தமிழ் ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருந்துச்சு.

மணிப்பால் ஹாஸ்பிடல்ஸும் இதுவும் ஒண்ணா?

இல்ல. பெங்களூர்ல 1991-ல ஆரம்பிச்ச மணிப்பால் ஹாஸ்பிடல்ஸ் தனி கம்பெனி, ஒரே குடும்பத்துலேர்ந்து வந்ததுதான், ஆனா 2023-லேர்ந்து சிங்கப்பூர் அரசோட முதலீட்டு நிறுவனமான டெமாசெக்தான் பெரும்பான்மை பங்குதாரர். உடுப்பி பக்கத்துல இருக்கற கஸ்தூர்பா ஆஸ்பத்திரி காலேஜோட ஆஸ்பத்திரி.

மெடிக்கல் மட்டும்தானா?

இப்போ எல்லாமே இருக்கு. பார்மசி, டென்டல், நர்சிங், இன்ஜினியரிங், ஹோட்டல் மேனேஜ்மெண்ட். மைக்ரோசாஃப்ட் சத்யா நாதெள்ளா அங்க இன்ஜினியரிங் படிச்சவரு.

ரிசர்ச் ஏதாவது உருப்படியா நடந்திருக்கா?

2018 மே மாசம் ஞாபகம் இருக்கா? கேரளாவுல கோழிக்கோடு பக்கம் பேராம்பிராவுல ஒரே குடும்பத்துல அடுத்தடுத்து காய்ச்சல்ல செத்தாங்க, என்ன நோய்னே தெரியல. அங்க ஒரு ஆஸ்பத்திரி டாக்டருங்க சந்தேகப்பட்டு சாம்பிள மணிப்பாலுக்கு அனுப்பினாங்க, மணிப்பால் வைரஸ் ஆராய்ச்சி மையம் அது உயிருக்கே ஆபத்தான நிபா வைரஸா இருக்கலாம்னு கண்டுபிடிச்சுது, புனேல இருக்கற தேசிய வைரஸ் ஆய்வு நிலையம் (என்.ஐ.வி.) உறுதி பண்ணுச்சு. ரெண்டாவது நோயாளி இருக்கும்போதே தெரிஞ்சதாலதான் தொடர்புல இருந்தவங்கள தனிமைப்படுத்தி அத்தோட நிறுத்த முடிஞ்சுது. நோயாளிய பாத்துக்கிட்ட நர்ஸ் லினி உட்பட உயிர் போனவங்க போனவங்கதான், ஆனா இன்னும் ஒரு வாரம் தாமதமாயிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒரு பல்கலைக்கழகத்துக்கு இதவிட என்ன பெருமை வேணும் சொல்லுங்க.

தமிழ்நாட்டுல இதே மாதிரி எப்ப ஆரம்பிச்சுது?

மணிப்பாலுக்கு முப்பது வருஷம் கழிச்சு. 1985-ல கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி., அதே வருஷம் போரூர் ராமச்சந்திரா, சிதம்பரத்துல ராஜா முத்தையா. ராமச்சந்திரா 1994-ல டீம்டு ஆச்சு. கேபிடேஷன் தடைச் சட்டம் இங்க 1992-ல வந்துச்சு. சிதம்பரம் மட்டும் பின்னாடி அரசு கைக்கு வந்துடுச்சு.

இன்னைக்கு சீட் எப்படி கிடைக்கும்? ஃபீஸ் கட்டற அளவுக்கு வொர்த்தா?

நீட் எழுதணும், டெல்லி எம்.சி.சி. (மெடிக்கல் கவுன்சிலிங் கமிட்டி) ஆன்லைன்ல நடத்தற டீம்டு கவுன்சிலிங் வழியாதான் போகணும், வேற வழியே கிடையாது. யாராவது புரோக்கர் மேனேஜ்மெண்ட்ல பேசி வாங்கித் தரேன்னு சொன்னா போன வச்சிடுங்க. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருஷம் 15 லட்சத்துக்கு மேல ஆகும், ஹாஸ்டல் தனி. நம்ம கவர்ன்மெண்ட் காலேஜ்ல சீட் கிடைச்சா கண்ண மூடிட்டு அங்க சேருங்க, இத எத்தனை தடவை கேட்டாலும் இதேதான் சொல்லுவேன், நிலத்த வித்து டீம்டு போகாதீங்க.

வசதி இருந்து போறவங்க எந்த டீம்டா இருந்தாலும் கட்டடத்தையும் ஏசி கிளாஸ்ரூமையும் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒரு நாள் காலையில ஒன்பது மணிக்கு அந்த ஆஸ்பத்திரி ஓ.பி.யில போய் நில்லுங்க. டோக்கன் வாங்க கூட்டம் நிக்குதா, வார்டுல பெட் நிறைஞ்சிருக்கா, சுத்து கிராமத்து ஜனங்க நம்பி வர்றாங்களா, ஏழைங்களுக்கு கம்மி ரேட்ல வைத்தியம் பாக்கறாங்களா, அரசு காப்பீட்டு கார்டு எடுத்துக்கறாங்களான்னு பாருங்க. நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில உங்க புள்ள என்ன கத்துக்கும்? மணிப்பால் எழுபது வருஷமா நிக்குதுன்னா முதல்ல வென்லாக் வார்டு, அப்புறம் கஸ்தூர்பா வார்டு, இந்த ரெண்டும் நிறைஞ்சு இருந்ததாலதான்.

நேர்ல போய் பாக்கலாமா?

தாராளமா. சென்னையிலேர்ந்து மங்களூர் மெயில்ல மங்களூர் போய், அங்கிருந்து பஸ்ல உடுப்பி வழியா மணிப்பால். கொங்கண் ரயில் பாதையில உடுப்பி ஸ்டேஷன்ல இறங்கினா இன்னும் பக்கம், ஆட்டோல போயிடலாம். ஃப்ளைட்னா மங்களூர் ஏர்போர்ட், சுமார் 60 கிலோமீட்டர். போனா அங்க அனாடமி, பேத்தாலஜி மியூசியத்த விட்டுடாதீங்க, 3000-க்கு மேல மாதிரிங்க வச்சிருக்காங்க, பொதுமக்களும் டிக்கெட் வாங்கி பாக்கலாம். பன்னெண்டாவது படிக்கிற புள்ளைங்கள கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும், அதனால குடையும் மாத்துத் துணியும் எடுத்துக்கோங்க.